கட்டுவதும் அவிழ்ப்பதும்



எழுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு அரசியலில் தொடங்கினாலும் ஓய்வூதியத்தில் தொடங்கினாலும் கடைசியில் முட்டியில் வந்து நிற்கும். இன்றைக்கு நான் முட்டிக்குக் கொஞ்சம் மேலே போய்த் தொடையைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். கடுமையாக விளையாடிக் களைத்த காலில், தொடையின் மேல்பகுதியில் ஒரு பட்டையைக் கட்டி ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் மட்டுப்படுத்தினால் தசை சீக்கிரம் தேறிவிடும் என்று இப்போது ஒரு முறை பரவியிருக்கிறது. விளையாட்டுக்காரர்களிடமிருந்து அது மெல்ல நம் வயதுக்காரர்களிடமும் வந்துகொண்டிருக்கிறது. அதனால் தெரிந்துகொள்வது நல்லது.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவன் என் பேரன். சென்னையில் கல்லூரியில் படிக்கிறான், கல்லூரி அணிக்குக் கால்பந்து ஆடுகிறான். பொங்கல் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தவன், இங்கே நண்பர்களோடு ஒரு முழு ஆட்டம் ஆடிவிட்டு வந்து தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தான். இரண்டு தொடையிலும் பி.பி. பார்க்கும் பட்டை போல ஒன்று. அதில் காற்றடித்து, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். சமையலறையிலிருந்து வந்த என் மனைவி பதறிப்போனாள்.

"என்னடா, பாம்பு கீம்பு கடிச்சிடுச்சா?"

"இல்ல ஆயா. மூணு நிமிஷம் கட்டணும், அப்புறம் அவுக்கணும். ரெண்டு மூணு தடவை செஞ்சா நாளைக்குக் கால் வலிக்காது. கழிவெல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிடும்."

அவன் சொன்னதில் எவ்வளவு சரி, எவ்வளவு விளம்பரம் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முப்பத்தாறு ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் புதிதாக ஒரு தாள் மேசைக்கு வந்தால் முதலில் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். பழைய கோப்பை எடுத்து, இதற்கு முன்னால் இப்படி ஏதாவது வந்திருக்கிறதா என்று அடியிலிருந்து புரட்டிப் பார்ப்பது. அப்படிப் புரட்டியதில் கிடைத்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

அடித்தாள் எனக்குப் பழக்கமான ஒன்றாகவே இருந்தது. என்னைப் போல் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு தெக்கார்த்தை மறக்க முடியாது. 1637இல் வெளிவந்த அவருடைய 'திஸ்கூர் த லா மெத்தோது' எங்கள் மேல்வகுப்பில் பாடம். சிந்திக்கிறேன், ஆகையால் இருக்கிறேன் என்ற கருத்து வருவது அதில்தான். அது எல்லோருக்கும் தெரியும். அதே நூலின் ஐந்தாம் பகுதியில் அவர் இதயத்தைப் பற்றியும் ரத்தத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பது பலருக்கு நினைவிருக்காது. ரத்தம் எடுக்கும் வைத்தியர்கள், நாளத்தைத் திறக்கும் இடத்துக்கு மேலே கையை மிதமாகக் கட்டினால் ரத்தம் அதிகமாக வருகிறது. இறுக்கிக் கட்டினாலோ, அந்த இடத்துக்குக் கீழே கட்டினாலோ அப்படி வருவதில்லை. ஏன் என்று தெக்கார்த் விளக்குகிறார். அந்த விளக்கத்தை அவர் இங்கிலாந்து மருத்துவர் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகவும் சொல்கிறார். அந்த மருத்துவர் வில்லியம் ஹார்வி. உடம்பில் ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628இல் நூல் எழுதி நிறுவியவர்.

ஹார்வி காட்டிய சோதனை மிக எளியது. மேற்கையை மிக இறுக்கிக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்றுவிடும், சற்று நேரத்தில் கை குளிர்ந்துபோகும். அதையே கொஞ்சம் தளர்த்தினால் கை சிவந்து, பிறகு நீலம் பாரித்து வீங்கும், நாளங்கள் புடைத்து நிற்கும். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள் ஆழத்தில் இருக்கின்றன, சுவரும் தடிப்பு. திரும்பக் கொண்டுபோகும் சிரைகள் பெரும்பாலும் மேலாக இருக்கின்றன, சுவர் மெல்லியது. மிதமான கட்டு சிரையை நசுக்கும், தமனியை முழுதாக நசுக்காது. உள்ளே வருவது வந்துகொண்டிருக்கும், வெளியே போவது தேங்கும்.

பாகூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு இதை ஏரிக் கணக்கில் சொன்னால் உடனே புரியும். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது மதகை முக்கால்வாசி இறக்கிவிட்டால் என்ன ஆகும்? நீர்மட்டம் ஏறும். பிறகு மதகைத் தூக்கினால் தேங்கியதெல்லாம் ஒரே வேகத்தில் பாயும். நாம் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, கையில் ரப்பர் குழாயைக் கட்டி "கையை மூடுங்க அய்யா" என்று அந்தப் பெண் சொல்வதும் இதே கணக்குதான்.

அடுத்த தாள் போர்க்களத்திலிருந்து வருகிறது. 1674இல் பெசான்சோன் முற்றுகையின்போது மொரேல் என்ற பிரெஞ்சு ராணுவ வைத்தியர், காயத்துக்கு மேலே துணியைக் கட்டி அதில் ஒரு குச்சியைச் செருகித் திருகி ரத்தத்தை நிறுத்தினார் என்று வரலாறு சொல்கிறது. 1718இல் ழான் லூயி பெத்தி என்ற பாரீஸ் அறுவை மருத்துவர் திருகாணி வைத்த கருவி ஒன்றைச் செய்தார். திருகுவதால் அதற்குத் 'தூர்னிக்கே' என்று பெயர். அந்தச் சொல்லை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் 'டூர்னிகே' என்று சொல்வது அதைத்தான். பிரெஞ்சுக்காரர்களோ இன்று இதைப் பெரும்பாலும் 'காரோ' என்கிறார்கள். தூர்னிக்கே என்றால் பாரீஸ் மெத்ரோ நுழைவாயிலில் தள்ளிக்கொண்டு போகிற சுழல் தடுப்பு. வீடு கொடுத்த சொல்லுக்கு ஊரில் வேறு வேலை!

இதுவரை பார்த்தது ரத்தத்தை நிறுத்தக் கட்டிய கட்டு. தசையை வளர்க்கக் கட்டலாம் என்று நினைத்தவர் ஜப்பானில் யோஷியாகி சாட்டோ. 1966இல், அவருக்குப் பதினெட்டு வயது. ஒரு பௌத்த நினைவுச் சடங்கில் ஜப்பானியர் வழக்கப்படி காலை மடித்து அதன்மேல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கெண்டைக்கால் மரத்துப்போய் வீங்கிவிட்டது. தேய்த்துவிட்டபோது, கடுமையாகப் பயிற்சி செய்த பிறகு வருகிற அதே விறைப்பு இதிலும் இருப்பதைக் கவனித்தார். வேறு யாராக இருந்தாலும் காலை உதறிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். இவர் சைக்கிள் டியூப், கயிறு, வார் என்று கிடைத்ததை எல்லாம் கட்டித் தன் உடம்பிலேயே ஆண்டுக்கணக்கில் சோதித்தார். 1973இல் பனிச்சறுக்கில் விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது, முட்டியின் தசைநார்களும் சேதமாயின. மாவுக்கட்டுப் போட்ட காலில் பட்டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். மருத்துவர்கள் எதிர்பார்த்ததைவிட விரைவில் தேறியதாகவும், தொடை இளைக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். தன் முறைக்கு 'காட்சு' என்று பெயர் வைத்தார். ஜப்பானிய மொழியில் அழுத்தம் சேர்ப்பது என்று பொருள்.

ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதைச் சான்றாக எடுக்க முடியாது. பின்னால் வந்த ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், முட்டித் தசைநார் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை இதைச் செய்தார்கள். 5 நிமிடம் கட்டு, 3 நிமிடம் அவிழ்ப்பு, இப்படி ஐந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. பயிற்சி எதுவும் இல்லை, வெறுமனே படுத்திருந்தார்கள். கட்டாதவர்களோடு ஒப்பிட்டால் கட்டியவர்களின் முன்தொடைத் தசை ஏறக்குறையப் பாதி அளவே இளைத்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் பின்னர் நார்வேயில் விளையாட்டு வீரர்களிடம் இதேபோல் செய்து பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. கோப்பில் இரண்டு குறிப்பும் இருக்கின்றன, ஒன்றைக் கிழித்துவிட முடியாது.

பட்டையோடு லேசான பயிற்சியும் செய்தால் என்ன ஆகும்? இதில்தான் சான்று பலமாக இருக்கிறது. தசை வளர வேண்டுமானால் ஒருவர் ஒரே முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 70 விழுக்காடாவது தூக்க வேண்டும் என்பது பழைய விதி. பட்டை கட்டினால் 20 முதல் 30 விழுக்காடு எடையே போதும். 10 கிலோ தூக்கக்கூடியவர் 2 அல்லது 3 கிலோ தூக்கினால் போதும். முதலில் 30 முறை, பிறகு 15, 15, 15, நடுவில் அரை நிமிட ஓய்வு என்பது வழக்கமான கணக்கு. பிராணவாயு குறைந்து, கழிவு தேங்கி, சிறிய தசை நார்கள் சீக்கிரம் களைத்துவிடுவதால் பெரிய நார்கள் வேலைக்கு இழுக்கப்படுகின்றன. பாரமான வேலை நடப்பதாகத் தசை எடுத்துக்கொள்கிறது. முட்டியோ சுமையே தெரியாமல் தப்பிவிடுகிறது.

இனி பேரன் சொன்னதற்கு வருவோம். ஆட்டம் முடிந்தபின் சும்மா உட்கார்ந்து கட்டி அவிழ்ப்பது வேறு விஷயம். அதன் வேர் இதய ஆராய்ச்சியில் இருக்கிறது. 1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நாய்களின் இதயத் தமனியை 40 நிமிடம் அடைத்தார்கள், ஒரு பகுதித் தசை செத்துப்போனது. வேறு நாய்களுக்கு அதற்கு முன்பே 5 நிமிடம் அடைப்பு, 5 நிமிடம் திறப்பு என்று நான்கு முறை செய்துவிட்டுப் பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். அவற்றில் சேதம் முன்னதில் கால்பங்குதான். சிறுசிறு பஞ்சம் கண்ட தசை பெரிய பஞ்சத்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. நம் தலைமுறைக்கு இது விளங்காத கணக்கு அல்ல.

அந்தக் கருத்தை விளையாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான பயிற்சிக்குப் பிறகு ஒவ்வொரு தொடையிலும் 220 மி.மீ. பாதரச அழுத்தத்தில் 3 நிமிடம், இரண்டு முறை கட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஆட்களுக்கு இன்னொரு முறை 15 மி.மீ. மட்டும் வைத்து, கட்டியது போல் பேர் பண்ணினார்கள். மறுநாள் குதிப்பதிலும் ஓடுவதிலும் உண்மையான கட்டுக்குப் பலன் இருந்தது. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகள் எல்லாமே சிறியவை. சிலவற்றில் பலன் தெரிகிறது, சிலவற்றில் ஒன்றுமே தெரியவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஆண்ட்ரூ போன்றவர்கள் பட்டை கட்டிக்கொண்டதைப் பார்த்து உலகம் முழுக்கப் பிள்ளைகள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். வேகமாக நீந்துகிறவர் கட்டியிருந்தார் என்பதால், கட்டியதால்தான் வேகமாக நீந்தினார் என்று ஆகிவிடாது.

'கழிவு அடித்துக்கொண்டு போகும்' என்பதும் பாதிக் கதைதான். பட்டையை அவிழ்த்தவுடன் ரத்தம் வெள்ளமாகப் பாய்வது உண்மை. ஆனால் மறுநாள் வருகிற உடம்பு வலிக்குக் காரணம் லாக்டிக் அமிலம் அல்ல. அது ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். பழக்கமில்லாத கடும் வேலையில் தசை நார்களில் உண்டாகிற நுண்ணிய சேதமும், அதைச் செப்பனிட உடம்பு நடத்துகிற வேலையும்தான் அந்த வலி. ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை அது உச்சத்தில் இருக்கும். நடவு முடிந்த மறுநாள் நம் பாட்டிமார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததும், வெந்நீர் ஊற்றிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனதும் இதே வலிதான். தூக்கமும் சாப்பாடும் மெதுவான நடையும் செய்கிற வேலையைப் பட்டை செய்துவிடாது. பேரனிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப நான் கட்ட வேணாமா தாத்தா?"

"கட்டு. ஆனா ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் போனைப் பார்த்துக்கிட்டு முழிச்சிருந்துட்டு, காலையில பட்டை காப்பாத்தும்னு நினைக்காதே."

சிரித்தான். அன்று மட்டும் பதினோரு மணிக்குப் படுத்தான்.

இது அவனோடு முடிந்திருந்தால் நான் பதிவே எழுதியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு கிழட்டுத் தொடைகளின் வழக்கும் நிலுவையில் இருக்கிறது.

என் மனைவிக்கு முட்டித் தேய்மானம். அவள் கவலை வலியைப் பற்றியது அல்ல. நாற்காலியிலிருந்து எழ ஒரு கை வேண்டியிருந்தது, அதுதான். "ஒருத்தர் கையைப் பிடிச்சி எழுந்திருக்கிற நாள் வந்தா, அப்புறம் வெளியே போகவே மனசு வராதுங்க" என்பாள். எடை தூக்கினால் முட்டி நோகும், தூக்காவிட்டால் தொடை இளைக்கும். எலும்பு மருத்துவரிடம் கேட்டோம். அவர் அவளுடைய ரத்த அழுத்தம், கால் நாளங்கள், மருந்துப் பட்டியல் எல்லாம் பார்த்துவிட்டு, பிசியோதெரபி நிலையத்தில் மேற்பார்வையோடு செய்யலாம் என்றார். அங்கே இருந்த பெண் முதல் நாள், எந்த அழுத்தத்தில் இந்தக் காலுக்கு ரத்தம் முழுதாக நிற்கிறது என்று கருவி வைத்து அளந்தாள். அதில் பாதி அளவே பட்டைக்குக் காற்று வைத்தாள். எல்லோருக்கும் ஒரே எண் கிடையாதாம். தொடையின் பருமனுக்கும் பட்டையின் அகலத்துக்கும் தக்கபடி மாறும். "விரல் மரத்துச்சின்னா, குத்துச்சின்னா உடனே சொல்லணும் அம்மா" என்று நாலு முறை சொன்னாள்.

வாரம் இரண்டு நாள், மூன்று மாதம். இப்போது என் மனைவி கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாள். பட்டையாலா, மூன்று மாதம் ஒரு நாளும் விடாமல் போனதாலா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அவளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. எழுகிறாள், அவ்வளவுதான்.

என் மனு தள்ளுபடியாகிவிட்டது. மூன்று ஆண்டுக்கு முன் முட்டி மாற்று அறுவைக்குப் பின் என் வலது காலின் ஆழ்ந்த நாளத்தில் ரத்தம் உறைந்து, மாதக்கணக்கில் அதற்கு மாத்திரை சாப்பிட்டவன் நான். அதே மருத்துவர் என் தாள்களைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வேண்டாம் அய்யா" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். தேங்குகிற ரத்தம் உறையக்கூடும், உறைந்தது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும். ஒரே வீடு, ஒரே சோறு, ஏறக்குறைய ஒரே வயது. அவளுக்கு ஆகும், எனக்கு ஆகாது. நாலு பேர் சேர்ந்து கடையில் ஒரு பட்டை வாங்கி ஆளுக்கொரு நாள் கட்டிப் பார்க்கிற விஷயம் இது அல்ல என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆகவே சில வார்த்தைகள் பணிவோடு. காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், பெரிய அளவில் வெரிகோஸ் உள்ளவர்கள், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள், சர்க்கரையால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள், டயாலிசிஸுக்காகக் கையில் வழி வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களும் துண்டையோ கயிற்றையோ வேட்டிக் கிழிசலையோ வைத்து வீட்டில் முயல வேண்டாம். குறுகிய கட்டு ஓரிடத்தில் வெட்டுவது போல் அழுத்தி நரம்பைக் கெடுக்கும். எவ்வளவு அழுத்தம் என்றும் தெரியாது. அறுவைக் கூடத்தில், இத்தனை கருவிகளோடு கட்டும்போதே, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பாம்புக்கடி பற்றியும் ஒரு வரி. என் மனைவிக்கு வந்த நினைப்பு நம்மில் பலருக்கும் வரும். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதை உலக சுகாதார நிறுவனம் உட்பட எல்லோரும் இன்று வேண்டாம் என்கிறார்கள். விஷத்தோடு சேர்ந்து காலும் கெடும், அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் மொத்தமாகப் பாயும். காலை அசைக்காமல் வைத்து, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வைத்தியம். கிராமத்தில் உறவினர் இருப்பவர்கள் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

பட்டை கிடைக்காத எனக்கு அந்தப் பெண் வேறு கணக்குக் கொடுத்திருக்கிறாள். கை இல்லாத மர நாற்காலி. காலை நான்கு முறை, சாயங்காலம் நான்கு முறை கையைக் கட்டிக்கொண்டு எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக உட்கார வேண்டும். வாரத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் ஒன்பதில் இருக்கிறேன். எண்ணிக்கையில் நான் ஏமாற்றாமல் இருக்க என் மனைவி எதிரில் நின்றுகொண்டே எண்ணுகிறாள்.